ஆடியில் தொடங்கிய புராஜெக்ட் பிளான்

நாளைக்கு எம்பிஏ புராஜெக்ட் ரிவியூ. தொழில் செய்கிற ஒருவர் எங்கள் பிளானைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு அது என் மாமா. நிலக்கோட்டையில் பூக்கடை வைத்திருக்கிறார். மல்லிகையைச் சேர்த்துவைக்க அவருக்கு ஒரு குளிர் அறை கட்டுவதுதான் புராஜெக்ட்.

காலையில் லேப்டாப்போடு கடைக்குப் போனேன். முதல் வரியிலேயே பேனாவை மூடிவிட்டார்.

"ஏத்தா, வர்ற திங்கக்கெழம வேலய ஆரம்பிக்கவா? ஆடி மாசத்துலயா?"

தேதி போட்டவள் என் டீமில் இருக்கும் ஜெனிஃபர். போன் போட்டேன்.

"எங்க வீட்ல ஆடி, மார்கழியெல்லாம் பாக்குறதில்லடி. நீ பாத்துருக்கக் கூடாதா?"

பார்த்திருக்கலாம்தான். பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்புட்டு வேலையையும் ஆவணிக்கு நகர்த்தினேன். மாமா நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"இப்ப தெறப்பு விழா மார்கழில வருது. மார்கழில யாரு பால் காய்ச்சுவா?"

அதைத் தை மாதத்துக்குத் தள்ளிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பிளானில் ஒரு மாதம் முழுக்க யாருக்கும் வேலை இல்லை. ஏன் என்று சார் கேட்பார். என்னென்ன தடை வரலாம் என்ற பகுதியில் வெள்ளம், நிலநடுக்கம் வரை எழுதியிருக்கிறோம். மார்கழியை எழுதவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைய ரிவியூவும் ஆடியில்தான் வருகிறது. அதைத் தள்ளிவைக்கச் சொல்ல எங்கள் சாருக்கும் ஒரு மாமா இருந்தால், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.