ராசிபுரம் தாண்டியதும்

நாமக்கல்லில் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அன்று காலை எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோகூட இல்லை. நுரையீரல் விரியவில்லை. டாக்டர் மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, சேலத்துக்கு அனுப்பச் சொன்னார். அவரால் வார்டை விட்டு நகர முடியாது. டியூப் போடப் பயிற்சி எடுத்தவள் என்பதால் நான் ஆம்புலன்ஸில் ஏறினேன். தாய்க்கு மயக்கம் தெளியவில்லை. கூட வந்தது தகப்பன் மட்டும்.

டியூபில் மாட்டிய பையை விரல்களால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தபடி போனேன்.

“ஏனுங்க சிஸ்டர், மூச்சு வருதுங்களா?”

“வருதுங்க. பேசாம உக்காருங்க.”

ராசிபுரம் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம்.

“அழுவுதுங்க! எம்புள்ள அழுவுதுங்க!” அவர் முகம் மலர்ந்துவிட்டது.

டியூப் சரியாக இருந்தால் அழுகை வெளியே கேட்காது. நழுவிவிட்டது.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். குழந்தை நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. முதல் முறை டியூப் உள்ளே போகவில்லை. மாஸ்க் வைத்துக் கொஞ்சம் மூச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி முயன்றேன். குரல்வளை ஒரு நொடி தெரிந்தது, செருகிவிட்டேன். நெஞ்சு ஏறி இறங்கியது. தகப்பன் என்னென்னவோ கேட்டார். நான் டியூபை ஒட்டிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

சேலத்தில் உயிரோடு ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. பார்த்தால் தாங்கமாட்டாள் என்று தாய்க்குக் காட்டாமலே ஊரில் புதைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வார்டு வாசலுக்கு வந்தாள்.

“நீங்கதான கூடப் போனீங்க? யாராட்டமுங்க இருந்துச்சு?”

அந்தக் குழந்தையின் தொண்டை எனக்குத் தெரியும். முகம் தெரியாது. கன்னமெல்லாம் டியூபை ஒட்டிய பிளாஸ்திரி. பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை.

“உன்னாட்டந்தான் சாமி” என்றேன்.

தலையாட்டினாள். போகவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “பால் கட்டிக்கிட்டு உசுரு போவுதுங்க. என்ன பண்றதுங்க?” என்றாள்.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். வலி தணியும் அளவுக்கு மட்டும் எப்படிப் பீய்ச்சிவிடுவது என்று சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்க வேறெதுவும் என்னிடம் இல்லை.