முர்டினாவின் லில்லிக்கு நிழல்

பள்ளிச் சமையலறை வேலையிலிருந்து நின்ற வருஷம் முர்டினா ஒரு கைப்பிடி விதையைக் கொல்லையில் விதைத்தாள். இமயமலைக் காட்டு லில்லி. ஆளைப் போல் ஒன்றரை மடங்கு உயரும். ஆனால் பூக்க ஏழு வருஷம், அதுவும் மரநிழலில்தான். அந்த நிழல் வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு லாக்லனின் இரண்டு பிர்ச் மரங்களிலிருந்து விழுந்தது.

லாக்லன் கடலில் நண்டுக்கூடை போட்டுப் பிழைத்தவன். இடுப்பு வலி வந்தபின் படகை விற்றுவிட்டான். அகலமான இலைகளைப் பார்த்து, "முட்டைக்கோஸ் எப்ப அறுவடை?" என்பான்.

"உனக்குப் பல்லு இருக்கும்போதே ஆயிடும்."

எங்கள் ஊருக்கே அது சிரிப்பு. அவள் மக்கிய இலைகளைச் சுமந்து போட்டாள், நத்தைகளைக் கையால் பொறுக்கினாள்.

ஏழாம் வருஷம் மே மாதம் மூன்று செடிகள் தண்டு விட்டன. முர்டினா கிளாஸ்கோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், கொல்லை முழுக்க வெளிச்சம். இரண்டு மரமும் இல்லை.

"படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும்னு தோணுச்சு," என்றான் லாக்லன். "மரம் என்னுதுதானே?"

"உன்னுதுதான். நான் என்ன சொன்னேன்?" அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஜூனில் வழக்கமில்லாத வெயில். இலையோரம் கருகியது. வீட்டிலிருந்த நாலு குடைகளையும் குச்சிகளில் கட்டி நிறுத்தினாள். மறுநாள் காற்று ஒன்றைத் தூக்கிப்போக, வீட்டுச் செருப்போடு தெருவில் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். லாக்லன் ஜன்னலிலிருந்து பார்த்தான்.

விடிந்ததும் சுத்தியல் சத்தம். இடுப்பைப் பிடித்தபடி அவன் வேலியோரம் கம்பு நட்டுப் பழைய படகுப் பாய்த்துணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் கட்டினா உனக்குக் கடல் தெரியாதே?"

"நாப்பது வருஷம் பாத்தாச்சு. கயித்தப் பிடி."

"இடது பக்கம் தொங்குது," என்று சொல்லிப் பிடித்தாள்.

ஒரு தண்டு வாடிவிட்டது. மற்ற இரண்டும் ஜூலையில் பூத்தன. உள்ளே சிவப்புக் கோடு ஓடும் நீண்ட வெள்ளைப் பூக்கள். மாலையில் வாசனை தெருவரை வந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் வந்து அண்ணாந்து நின்றோம்.

இலையுதிர் காலத்தில் செடி அழுகியதைக் கண்டு லாக்லன் பதறினான். "இத்தனை வருஷம் வளத்தது செத்தே போச்சா?"

"பூத்தா அவ்வளவுதான். அடியில சுத்திக் குட்டிக் கிழங்கு இருக்கு. உனக்கும் மூணு தர்றேன்."

"எனக்கு ஏது நிழல்?"

அடுத்த வாரம் அவன் இரண்டு பிர்ச் கன்றுகள் வாங்கி வந்தான். அவனால் குனிய முடியாததால் குழி தோண்டியது முர்டினா. அவன் கன்றை நேராகப் பிடித்துக்கொண்டான்.