பதினோரு பேர்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேர். அதில் வேதக்காரி தபித்தாள் ஒருத்திதான். மற்ற பதினோரு பேரும் திருநீறும் குங்குமமுமாக வருகிறவர்கள். ஆனாலும் காலையில் தபித்தாள் ஜெபம் பண்ணாமல் ஒருத்தியும் செடிக்குள் காலை வைக்க மாட்டாள். காட்டெருமையும் கரடியும் படுத்திருக்கிற மலை. யார் சாமியாக இருந்தால் என்ன, காவல் கிடைத்தால் சரி.

அவள் மொத்தமாகச் சொல்லி முடிக்கிறவள் இல்லை. பதினோரு பேரையும் பெயர் சொல்லி, ஒவ்வொருத்தியாக ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுப்பாள். பெயர் வந்ததும் அவரவர், செடி கிழிக்காமலிருக்க உடுத்தும் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். தன் பெயரை மட்டும் அவள் சேர்த்ததே இல்லை. தன் சாக்கை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அப்பனும் ஆத்தாளும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, புருஷன் ஜீவாவைக் குடிக்குப் பறிகொடுத்தது எல்லாம் இந்த லைன் வீடுகளில்தான். அவன் செத்த பிறகு ஞானஸ்நானம் வாங்கினாள். யார் வாசலிலும் போய் நிற்காமல் ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். "எல்லாம் ஜெபத்தால வந்த பெலன்" என்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. மேஸ்திரி தங்கவேலு கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். பேச்சில் மரியாதை குறையாது, ஆனால் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார்.

"தபித்தாக்கா, பேக்டரியில இலை இல்லீங்க. உங்க சாமிக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். தபித்தாளுக்குச் சுருக்கென்றது. "எங்க எல்லாரையும் காத்துக்கொள்ளும், ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பத்து மணி இருக்கும். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பக்கத்துச் செடி வரிசையில் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான ரேணுகா அலறினாள். இவர்கள் ஓடிப் போவதற்குள் காட்டெருமை அவளைத் தூக்கி வீசிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிவிட்டது. அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலேயே அவளைக் கிடத்தி ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தாள்.

அந்த ஏழு வாரமும் தபித்தாளுக்கு ஜெபம் வரவில்லை. காலையில் பெண்கள் வழக்கம்போல் வந்து நிற்பார்கள். அவள் கண்ணை மூடுவாள், வாயைத் திறப்பாள், ஒரு வார்த்தை வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்கள் பேசாமல் செடிக்குள் இறங்குவார்கள். ஒருத்தியாவது திட்டியிருந்தால் தேவலை. பாஸ்டரிடம் போய் அழுதாள். "மிருகம் முட்டினதுக்கு நீங்க என்னம்மா செய்வீங்க?" என்றார் அவர். அவருக்கென்ன, செடிக்குள் போகிறவரா அவர்?

ரேணுகா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தபித்தாள் நேரே அங்கே போனாள். முப்பத்து நாலு வயதுக்காரி கட்டிலில் பாதியாகக் கிடந்தாள்.

"அன்னைக்கு உன் பேரச் சொல்லாம விட்டுட்டேன் புள்ள."

அப்படியெல்லாம் நினைக்காதீங்க அக்கா என்பாள் என்று மனசு ஓரத்தில் ஒரு நப்பாசை இருந்தது. ரேணுகா தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும்க்கா. என் பேரு வரட்டும்னு சாக்கைக் கட்டாம கையில புடிச்சுக்கிட்டே நின்னேன். வரல. அப்புறந்தான் கட்டினேன்."

"அப்பவே கேட்டிருக்கக் கூடாதாடி, பாவி?"

"நீங்க முன்னால போயிட்டீங்களே."

தபித்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேணுகாவே மேலும் சொன்னாள். "இனி நிமிந்து நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மலைக்கு நான் வரப்போறதில்ல. ஆனா பேரைச் சொல்லுங்கக்கா. இங்க ஒருத்தி கெடக்கான்னு உங்க சாமிக்கு ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் காலையில் தபித்தாள் சாக்கைக் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தங்கவேலு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். அவள் கண்ணை மூடினாள். பத்துப் பெயர்கள் திக்கித் திக்கி வந்தன. பத்துச் சாக்குகள் கட்டப்பட்டன. பதினோராவதாக "ரேணுகா" என்றாள். கட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

"ஆண்டவரே, என்னால முடியல" என்று உடைந்து அழுதாள். ஆமென் சொல்லத் தெம்பில்லை.

எல்லாரிலும் மூத்தவளான ஆண்டாயிதான் மூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தபித்தாளையும் பாத்துக்கய்யா, சாமி. அவளுக்கு யாரு இருக்கா?"

தபித்தாள் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.