பேரும் ஊரும் சேர்த்து வாசித்த ஜெபம்

நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நாலாக மடித்தது, ஓரத்தில் ஃபினாயில் ஈரம். எங்கள் வானொலி நிலையத்தைக் கூட்டித் துடைக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த அக்கா அதை என் கையில் கொடுத்தார். பிள்ளைகளே, அப்பா ரேடியோவில் பேசியவர் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்கிறீர்கள். இதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

ராஜபாளையத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைத்தான் பங்குச் சாமியார் நிலையமாக்கினார். முதலில் பாட்டும் ஜெபமாலையும்தான், கேட்க ஆளில்லை. ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பேரும் ஊரும் சொல்லி வாசிக்க ஆரம்பித்த பிறகே ஜனங்கள் காது கொடுத்தார்கள். தன் பேர் வருமா என்று பாதிப் பேர், அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று பாதிப் பேர். வாசித்தது நான். பத்தாவதோடு நின்றவனுக்கு அந்தக் கண்ணாடி அறை சிம்மாசனம் மாதிரி. பேர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விட்டுச் சொல்வேன்.

அக்காவின் மகளுக்குச் சுந்தரபாண்டியத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருந்த அந்த விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. “பேரு ஊரு மட்டும் வாசிச்சிராதீக தம்பி. மாதாவுக்குத் தெரிஞ்சாப் போதும்” என்றார் அக்கா, மகளுக்காக எழுதிய அந்தச் சீட்டைக் கொடுக்கும்போது. சரிக்கா என்றேன்.

அன்று வந்தவை மூன்றே சீட்டுகள். ‘ஒரு மகளுக்காக’ என்று மொட்டையாக வாசித்தால் நிகழ்ச்சி சப்பென்று போய்விடும் என்று தோன்றியது. மகள் பேர், தாய் பேர், தெரு, ஊர், நோய், எல்லாவற்றையும் வாசித்தேன். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. வாசிக்கும்போது அக்கா சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் பரிசத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஒலிபரப்பு மெஷினில் உட்காரும் அண்ணன் என் முதுகில் தட்டினார். “ஏலே, சுந்தரபாண்டியம் வரைக்கும் கிளியரா கேக்குதுன்னு இப்பத்தாண்டா தெரியுது!” அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா அடுத்த அறையில்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்: “பேரை மட்டுமாவது விட்டிருக்கலாம்ல தம்பி?” மில்லில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் விசாரித்ததில் மகள் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இனிமேல் பேர் வேண்டாம் என்றார் சாமியார். ஒரு மாதம் அப்படியே போயிற்று. கேட்கிறவர்கள் குறைந்தார்கள். பேர்கள் திரும்ப வந்தன.

அடுத்த வருஷம் ஒரு நன்றிச் சீட்டு வந்தது, சுந்தரபாண்டியத்திலிருந்து. நோய் நொடி இல்லாத மருமகளைக் கொடுத்த மாதாவுக்கு நன்றி. கீழே மகன் பேர் என்று அதே மாப்பிள்ளையின் பேர். ஒதுக்கி வைத்திருக்கலாம். வாசித்தேன், குரலைத் தாழ்த்தி, மூச்சு விட்டு. நடையில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் அது ஒலித்தது.

வெளியே வந்தேன். நடை முழுக்க ஈரம். அந்த முனையில் அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“செத்த நேரம் அங்கனயே நில்லுங்க தம்பி. காயட்டும்.”

நின்றேன்.