வீட்டுப்பெயர் இல்லாத வரிசை

நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்த காலத்தில், எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியின் கம்ப்யூட்டர் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த என் அக்கா, அதில் தையல் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

விண்ணப்பத்தின் முதல் கேள்வி இண்டிபேரு, அதாவது குடும்பத்தின் வீட்டுப்பெயர். தெலுங்குக்காரர்களுக்கு அது இல்லாமல் பெயரே கிடையாது. தமிழ் பேசும் எங்களுக்கோ நைனா பெயரின் முதல் எழுத்தோடு சரி. எங்கள் ஆட்களில் விவரமானவர்கள் ஊர்ப் பெயரை எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள். அக்கா, "இல்லாதத எப்டி எழுதறது?" என்று காலியாக விட்டுவிட்டாள்.

தேறியவர்களை நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிரல், எடுத்துக் கொடுக்கும். டேட்டாபேஸிலிருந்து வரும் விவரம் அதற்குள் கட்டம் போட்ட தாள் மாதிரி நிற்கும். ஆளுக்கு ஒரு வரிசை, விவரத்துக்கு ஒரு கட்டம். ஸ்கிரிப்ட் மேலிருந்து வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே வரும். எங்கே நிறுத்துவது? எழுதிய மகானுபாவர் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார். முதல் கட்டம் காலியாக இருந்தால் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வீட்டுப்பெயர் இல்லாத மனிதரை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அதை எழுதிவிட்டு அவர் அமெரிக்கா போய்விட்டார்.

பட்டியல் அக்காவுக்கு முந்தைய ஆளோடு நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் நல்ல நல்ல வீட்டுப்பெயர்களோடு இருந்தவர்களும் சேர்ந்து விடுபட்டார்கள்.

காரணத்தை நான் அன்றே கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஒரு வரி. என் கம்ப்யூட்டரில் அதை மாற்றி ஓட்டிப் பார்த்தேன், அக்காவோடு எல்லோரும் வந்தார்கள். ஆனால் அசல் ஸ்கிரிப்ட் ஹைதராபாத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, தொட அனுமதி கிடையாது. மேனேஜரிடம் போய் நின்றேன். "அதி மன பனி காதம்மா," என்றார். நம் வேலை இல்லையாம். கெஞ்சிய பிறகு ஹைதராபாத்துக்கு போன் போட்டார். எர்ரர் வந்ததா என்று கேட்டார்கள். வரவில்லை என்றார். அப்படியானால் சரியாகத்தான் ஓடுகிறது என்று போனை வைத்துவிட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நேர்காணல் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் நடந்தது. என் கம்ப்யூட்டரில் வந்த முழுப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு அக்காவை ஷேர் ஆட்டோவில் அழைத்துப் போனேன். வாசலில் நின்ற ஏஜென்சிக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். "இத யாரு வேணா அடிச்சிக்கினு வருவாங்கம்மா," என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். கதவைச் சாத்தும்வரை வெளியே நின்றோம்.

தன் பெயர் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. அலுவலகத்துக்கு அழைத்துப் போய்த் திரையில் காட்டினேன். பெயர் மேல் விரலை வைத்தாள்.

"இதோ கீறனே. அதுக்கு ஏன் தெரியல?"

காலிக் கட்டத்தைக் காட்டி விளக்கினேன். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் விரல் கீழே இறங்கியது.

"எனக்குக் கீழ கீறவங்க?"

"அவங்க பேரும் வரலக்கா."

"நான் அத எழுதாததாலயா?"

"ஸ்கிரிப்ட்டோட தப்புக்கா. உன் தப்பு இல்ல."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது. தேறவில்லை என்று நினைத்துக்கொண்டு அவரவர் வீட்டில் இருந்தார்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெயர்களை வீட்டுப்பெயரோடு சேர்த்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நான் திரையை அணைக்கப் போனேன்.

"இருடி," என்றாள். "இன்னும் கீறாங்க."