இரண்டு நீலங்கள்

திருத்தங்கல் அச்சகமொன்றில் பிழை திருத்துபவள் சுகிர்தா. ஆமத்தூரில் விவசாயக் குடும்பம். விலங்கியல் படித்தும் ஆசிரியர் வேலை வாய்க்காமல், பதினோரு வருடமாகப் பட்டாசு லேபிள்களில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தாள். ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கைச் சுவரொட்டி அடிக்கும் ஆர்டர் வந்தபோது, முதலாளி ராஜபாண்டியன் அதை அவளிடமே ஒப்படைத்தார்.

சொறிமீன், பவளம், கடல்சாமந்தி எல்லாம் குழியுடலிகள். கொட்டும் செல்களால் ஒன்றுக்கொன்று உறவு. எது எந்த அளவுக்குக் கொட்டும் என்று படம்போட்டுச் சொல்லும் தாள் அது. ஆனால் தீபாவளி சீசன், லேபிள் வேலை குவிந்து கிடந்தது. கடைசி புரூஃபில் எழுத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஓடும் மெஷினிலிருந்து வந்த தாளொன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டு நீலப் படங்கள் இடம் மாறியிருந்தன. காசளவு வட்டமான நீலப்பொத்தான் என்ற உயிரிக்குக் கீழே ‘தொடாதே’. காற்றுப்பையும் நீண்ட இழைகளுமாய் மிதக்கும் மற்றொன்றுக்குக் கீழே ‘பெரிய தீங்கில்லை’.

இரண்டுமே அசல் சொறிமீன்கள் அல்ல. சிற்றுயிர்கள் பல கூடி ஓருடலாய் வாழும், ஹைட்ரா என்ற நன்னீர் உயிரியின் சொந்தங்கள். ஆனால் காற்றுப்பை உள்ளது செத்துக் கரையொதுங்கினாலும் கொட்டும். கல்லூரிச் சுற்றுலாவில் தோழி பொன்மணி அதைக் கையில் எடுத்துவிட்டு மூச்சுக்குத் திணறியதை சுகிர்தா கண்ணால் கண்டவள்.

மெஷினை அவளே நிறுத்தினாள். சத்தம் கேட்டு ராஜபாண்டியன் வந்தார். புரூஃபை வாங்கிப் பார்த்தார்.

“கையெழுத்து ஒன்னோடதுதான?”

“ஆமா அண்ணாச்சி. நாந்தான் படத்தப் பாக்காம விட்டுட்டேன். விடியக்காலையில ராமநாதபுரம் போன லோட நிறுத்தணும்.”

அவர் முகம் இறுகியது. உடனே லோடு கொண்டுபோன டிரைவர் செல்லப்பாண்டிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஏழாவது முறைதான் எடுத்தான். ஒரு கட்டைப் பிரித்துப் பதினெட்டுத் தாள் ஒட்டியாகிவிட்டது என்றான்.

சுகிர்தா போனை வாங்கினாள். “அண்ணே, ஒன்னு விடாமக் கிளிச்சிருங்க. பிள்ளைக நம்பித் தொட்டா உசுருக்கே ஆபத்து.”

நிமிடங்கள் நகரவில்லை. பதினேழு கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. பதினெட்டாவதை யாரோ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஒட்டியிருந்தார்கள். அங்கே மதிய இடைவேளையில் பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடுவார்களாம். அவள் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. மணியடிக்கும் முன்பே சுவரிலிருந்து கிழித்துவிட்டதாகச் செல்லப்பாண்டி சொன்னான். அப்போதுதான் அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

ராஜபாண்டியன் தீபாவளி லேபிள்களை ஓரங்கட்டிவிட்டுச் சுவரொட்டியைத்தான் முதலில் மறுபடி அடிக்கச் சொன்னார். புதிய அச்சுப் பிளேட் ஏறியதும் சுகிர்தா சோதனைத் தாளில் ஒவ்வொரு படத்தின் மீதும் விரல் வைத்துப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பிறகே மெஷினை ஓட்டச் சொன்னாள்.