சிங்கப்பூருக்குக் கொண்டுபோன கசகசா

எங்கள் புத்தலப்பட்டுப் பக்கத்தில் கோழிக் குழம்புக்குக் கசகசா அரைக்காத வீடு கிடையாது. நான் கட்டட வேலைக்கு சிங்கப்பூர் கிளம்பியபோதும் மனைவி கால் கிலோ கட்டிக் கொடுத்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. விமானத்தில் இறங்கும்போது கொடுக்க வேண்டிய குடியேற்ற அட்டையைப் பக்கத்து சீட்டு வேலூர்க்காரர்தான் எனக்கு நிரப்பினார். அதில் சிவப்பு எழுத்தில் இருந்ததைப் படித்தும் சொன்னார்: போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை.

"பையில இன்னாபா வச்சிக்கினு வர்ற?"

"மொளகாத்தூளு, ஊறுகா, கசகசா."

"அடப்பாவி! அது அபின் செடி வெதைபா. அந்த ஊருக்குக் கொண்டுபோவக் கூடாது."

எங்கேயாவது கொட்டிவிடலாம் என்றால் பை விமானத்தின் அடியில் இருந்தது. இறங்கிப் பையை எடுத்ததும் நேராகச் சுங்க வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழில் பேசினார். அவர் என்னைக் கேட்பதற்குள் நானே பொட்டலத்தை எடுத்து வைத்தேன்.

"தெரியாம எத்தாந்துட்டேன் சார். தூக்குல போட்டுடாதீங்க. ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

அவர் பிரித்து மோந்து பார்த்தார்.

"நீங்களே சொன்னதால விடுறேன். மறைச்சிருந்தா கதையே வேற. இங்க முந்திரி அரைச்சுக்குங்க அண்ணே."

பொட்டலத்தை அவரே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, என்னைப் போகச் சொன்னார். நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் தள்ளித்தான் நகர்ந்தேன்.